ரீச்சர் பதில்கள்: ஒரு பொருளியலாளரும் 166 நாடுகளும்

சென்ற இதழில், உலக வர்த்தக அமைப்பின் பணிப்பாளர் நாயகம் ங்கோசி ஒகொன்ஜோ-இவேலாவுக்கு இரண்டாவது தவணை கிடைத்ததைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களைப் பார்த்த பிறகு இந்த மாதம் வேறு எதையும் எழுத மனம் வரவில்லை. திருகோணமலையிலும் சுற்றுவட்டாரத்திலும் இருந்து வந்த கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

உயர்தர வணிகப் பிரிவு மாணவி, உப்புவெளி:
ரீச்சர், அவர் எந்த நாடு? எப்படி அந்த இடத்துக்கு வந்தார்? எங்கள் பாடக்குறிப்பில் அமைப்பின் பெயரும் 1995 என்ற ஆண்டும் மட்டும்தான் இருக்கின்றன.

நைஜீரியா, மகள். தெற்கே டெல்ரா மாநிலத்தில் ஒக்வாஷி-உக்வு என்ற ஊர். 1954இல் பிறந்தவர். தகப்பன் பேராசிரியர், பிற்காலத்தில் அந்த ஊரின் பாரம்பரிய அரசராகவும் இருந்தார். தாயும் பேராசிரியை. பெற்றோர் இருவரும் மேற்படிப்புக்கு ஜேர்மனி போய்விட, ஒன்பது வயதுவரை பாட்டியிடம்தான் வளர்ந்தார். தண்ணீர் அள்ளி, விறகு பொறுக்கி, வீட்டு வேலை செய்து வளர்ந்த பிள்ளை.

1967இல், நைஜீரியாவிலிருந்து பிரிந்துபோக முயன்ற பியாப்ரா பகுதியின் உள்நாட்டு யுத்தம் தொடங்கியது. மூன்று வருடம். குடும்பம் கையில் இருந்ததை எல்லாம் இழந்தது. அந்த நேரம் மூன்று வயதுத் தங்கைக்கு மலேரியா. தாயும் சுகமில்லாமல் கிடக்கிறார், தகப்பன் போர்முனையில். பதினைந்து வயது ங்கோசி தங்கையை முதுகில் கட்டிக்கொண்டு பல கிலோமீற்றர் நடந்து, ஒரு தேவாலயத்தில் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்த டொக்டரைத் தேடிப் போகிறார். வாசலில் பெருங்கூட்டம், கதவு திறக்கவில்லை. சனத்தின் கால்களுக்கு இடையால் ஊர்ந்து போய், ஜன்னலால் ஏறி உள்ளே குதித்தார். ஊசி போட்டுச் சில மணித்தியாலத்தில் தங்கை கண் திறந்தாள். இதை அவரே பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். யுத்தம் என்றால் என்ன என்று எங்கள் பக்கத்து வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

அப்புறம் படிப்பு. அமெரிக்காவில் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் பொருளியல், 1976இல் பட்டம். அங்கேயே எம்.ஐ.ரி. பல்கலைக்கழகத்தில் 1981இல் கலாநிதி. உலக வங்கியில் சேர்ந்து, இடையில் விட்டு விட்டு மொத்தம் 25 வருடம். அதன் முகாமைத்துவப் பணிப்பாளர்களில் ஒருவராக உயர்ந்தார். நாலு பிள்ளைகளின் தாய். இவ்வளவும் எந்த இணையப் பக்கத்திலும் கிடைக்கும். நான் உன்னை நிதானமாகப் பார்க்கச் சொல்வது 2003 முதல் 2006 வரையான காலத்தை. அப்போது அவர் நைஜீரியாவின் நிதி அமைச்சர், அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண்.

நைஜீரியா எண்ணெய் விற்கும் நாடு. எண்ணெய் விலை ஏறினால் அரசாங்கம் அள்ளிச் செலவழிக்கும், இறங்கினால் கடன் வாங்கும். இவர் ஒரு விதி கொண்டுவந்தார். உலகச் சந்தையில் என்ன விலை போனாலும், வரவு செலவுத் திட்டத்தை ஒரு குறைந்த விலையில்தான் போட வேண்டும். 2004இல் பீப்பாய்க்கு 25 டொலர். அதற்கு மேல் வருவது சேமிப்புக் கணக்குக்குப் போகும். சொல்லச் சுலபம். கைக்கு வந்த காசைத் தொடாதே என்று ஒவ்வொரு மாநில ஆளுநரிடமும் சொல்லி, அவர்களிடம் திட்டும் வாங்கி, அதே இடத்தில் நிற்க வேண்டும்.

இரண்டாவது காரியம் எனக்கு இன்னும் பிடித்தது. மத்திய அரசிடமிருந்து ஒவ்வொரு மாநிலத்துக்கும், ஒவ்வொரு உள்ளூராட்சி சபைக்கும் எவ்வளவு காசு போகிறது என்பதை மாதாமாதம் பத்திரிகையில் போடவைத்தார். பக்கம் நிறைய வெறும் எண்கள். ஆனால் சனம் அந்தப் பத்திரிகையைத் தேடி வாங்கியது. எங்கள் ஊருக்கு இந்த மாதம் இவ்வளவு வந்திருக்கிறதே, பள்ளிக்கூடக் கூரை ஏன் இன்னும் ஒழுகுகிறது என்று கேட்க அவர்களுக்குக் கையில் ஒரு ஆதாரம் கிடைத்தது. நான் படிப்பித்த காலத்தில், வரவு செலவுத் திட்டம் வந்த மறுநாள் பிள்ளைகளைப் பத்திரிகையோடு வகுப்புக்கு வரச் சொல்வேன். கடன் வட்டிக்கு எவ்வளவு, கல்விக்கு எவ்வளவு என்று சிவப்புப் பேனையால் வட்டம் போட்ட பிறகுதான் பாடம் தொடங்கும். எண்ணைப் பார்க்காமல் அரசாங்கத்தைப் பற்றிப் பேசுவது வீண் பேச்சு என்று அன்றும் நினைத்தேன், இன்றும் அதே எண்ணம்தான்.

இந்த இரண்டு வேலைகளும்தான் அவருக்குப் பாரிஸ் கழகத்தின் கதவைத் திறந்தன. பணக்கார நாடுகள் கொடுத்த கடனைக் கூட்டாக அறவிடும் அமைப்பு அது. நைஜீரியா அந்த நாடுகளுக்குக் கொடுக்க வேண்டியிருந்தது ஏறத்தாழ 30 பில்லியன் டொலர். 2005இல் அதில் 18 பில்லியனைத் தள்ளுபடி செய்ய வைத்தார். மிச்சம் 12 பில்லியனைச் சேமிப்பிலிருந்து கட்டினார். எண்ணெய் விற்கிற நாட்டுக்கு ஏன் தள்ளுபடி என்று கேட்டவர்களுக்குக் காட்ட அவரிடம் கணக்குப் புத்தகம் இருந்தது. 2022 ஏப்ரலில் எங்கள் நாடு கடன் கட்ட முடியாது என்று கைவிரித்து, கடன் கொடுத்த நாடுகளோடு உடன்பாட்டுக்கு வர 2024 ஜூன் வரை ஆனதை நாங்கள் பார்த்தோம். அந்த இரண்டு வருடத்தையும் வரிசையில் நின்று கழித்தவர்களுக்கு நைஜீரியாவின் கதை அந்நியமாகத் தெரியாது.

கடைக்காரர், மத்திய வீதி:
2025இல் அமெரிக்கா எங்கள் பொருளுக்கு 44 வீதம் இறக்குமதித் தீர்வை என்றது, பிறகு 30 என்றது, கடைசியில் 20. உலக வர்த்தகத்துக்குத் தலைவி என்று ஒருவர் இருக்கும்போது அவர் ஏன் தடுக்கவில்லை? தடுக்க முடியாது என்றால் அந்தப் பதவி எதற்கு?

நியாயமான கேள்வி, ஐயா. சுருக்கமான பதில்: அவருக்கு வாக்கே கிடையாது. உலக வர்த்தக அமைப்பை நடத்துவது 166 உறுப்பு நாடுகள். முடிவெல்லாம் ஒருமனதாகத்தான். ஒரு நாடு எழும்பி மாட்டேன் என்றால் அந்த விஷயம் அங்கேயே நிற்கும். பணிப்பாளர் நாயகம் செயலகத்தின் தலைவர், அவ்வளவுதான். எந்த நாட்டுக்கும் அவர் உத்தரவு போட முடியாது.

அவருடைய நியமனமே இதற்கு நல்ல உதாரணம். அவருக்கு முன்பிருந்த பிரேசில்காரர் ரொபேர்ட்டோ அசெவேடோ தவணை முடிய ஒரு வருடம் இருக்க 2020 ஓகஸ்டில் விலகினார். எட்டுப் பேர் போட்டி. கடைசியில் இரண்டு பெண்கள்: இவரும் தென்கொரியாவின் யூ மியுங்-ஹீயும். 2020 ஒக்டோபரில், கூடுதலான நாடுகள் இவர் பக்கம்தான் என்று தெரிந்துவிட்டது. அமெரிக்கா மட்டும் கொரியப் பெண்தான் வேண்டும் என்றது. அதோடு எல்லாம் நின்றது. கொரோனா உலகத்தையே முடக்கியிருந்த காலத்தில் ஆறு மாதம் அந்தக் கதிரை வெறுமையாகக் கிடந்தது. அமெரிக்காவில் ஆட்சி மாறி, போட்டியாளர் விலகி, 2021 பெப்ரவரி 15இல்தான் நியமனம். மார்ச் முதலாம் திகதி பதவியேற்றார். முதல் பெண், முதல் ஆபிரிக்கர்.

தீர்வை விஷயத்துக்கு வருவோம். ஒவ்வொரு நாடும் இந்தப் பொருளுக்கு இவ்வளவுக்கு மேல் தீர்வை போடமாட்டேன் என்று அங்கே எழுதிக்கொடுத்திருக்கிறது. அதை மீறினால் பாதிக்கப்பட்ட நாடு வழக்குப் போடலாம். 2025இல் கனடாவும் சீனாவும் அமெரிக்காவுக்கு எதிராக முறைப்பாடு கொடுக்கத்தான் செய்தன. ஆனால் மேன்முறையீட்டுக் குழுவுக்குப் புதிய ஆட்களை நியமிக்க அமெரிக்கா விடாததால் 2019 டிசம்பரிலிருந்து அந்தக் குழு இயங்கவில்லை. தோற்ற நாடு மேன்முறையீடு செய்துவிட்டால், கேட்க ஆளில்லாமல் வழக்கு அந்தரத்தில் தொங்கும். அதனால்தான் எங்கள் ஆட்கள் அந்த அமைப்பு இருக்கும் ஜெனீவாவுக்குப் போகாமல் நேரே வாஷிங்டனுக்குப் போய்ப் பேசினார்கள்.

முன்பு இந்த முறை இயங்கியது. 1996இல், எங்கள் உலர்த்திய தேங்காய்த் துருவலுக்கும் தேங்காய்ப்பால் மாவுக்கும் பிரேசில் போட்ட மேலதிகத் தீர்வையை எதிர்த்து இலங்கை அங்கே போனது. தேங்காய் விற்கிற சின்னத் தீவு பிரேசிலைக் கூப்பிட்டு மேசையில் இருத்திப் பதில் கேட்கக்கூடிய ஒரு இடம் உலகத்தில் இருந்தது. அது பலவீனப்பட்டால் முதலில் நட்டப்படுவது எங்களைப் போன்றவர்கள்தான். பெரிய நாட்டுக்குப் பேரம் பேச ஆயிரம் வழி உண்டு.

அப்போ அவர் என்னதான் செய்கிறார்? கூப்பிடுவார், கேட்பார், இன்னாருக்கு இது முடியாது அது முடியும் என்று ஒவ்வொருவரிடமும் பிடுங்கி எடுப்பார், பிறகு மேசைக்குக் கொண்டுவருவார். 2022 ஜூனில் அமைச்சர்கள் மாநாடு 15ஆம் திகதி முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. அவர் யாரையும் வீட்டுக்குப் போக விடவில்லை. விடிய விடியப் பேசி 17ஆம் திகதி அதிகாலையில் முடித்தார்கள். பாரிஸ் கழகத்தில் கடன்காரரோடு மல்லுக்கட்டிப் பழகியிராத ஒருவரால் அந்த இரவைத் தாங்கியிருக்க முடியாது என்பது என் எண்ணம்.

மீனவர், திருக்கடலூர்:
உலக வர்த்தக அமைப்பின் 2022 மாநாட்டில்தான் மீன்பிடிக்கு மானியம் கொடுக்கக்கூடாது என்று முடிவெடுத்தார்களாம். எங்கள் எரிபொருள் மானியத்துக்கும் அடியா? எங்கள் கடலுக்குள் வந்து இழுவைமடி இழுக்கும் இந்திய றோலர் படகுகளை இது நிறுத்துமா?

பயப்பட வேண்டாம், தம்பி. எல்லா மானியத்தையும் அந்த மீன்பிடி ஒப்பந்தம் தடுக்கவில்லை. மூன்று காரியங்களைத் தடுக்கிறது. களவாகவும் சட்டத்துக்கு மாறாகவும் மீன்பிடிக்கும் படகுக்கு மானியம் கூடாது. ஏற்கெனவே அளவுக்கு மீறிப் பிடித்து அழிந்துபோகிற மீனினத்தைப் பிடிக்க மானியம் கூடாது, அந்த இனத்தை மீட்க நடவடிக்கை எடுத்தால் ஒழிய. யாருடைய கட்டுப்பாட்டிலும் இல்லாத ஆழ்கடலில் பிடிக்க மானியம் கூடாது. வளர்ந்துவரும் நாடுகளுக்குத் தங்கள் கடல் எல்லைக்குள் முதல் இரண்டு விதிகளிலும் இரண்டு வருட அவகாசம் உண்டு. விடிய வலை தள்ளி மத்தியானம் சூரை மீனோடும் கீரி மீனோடும் கரைக்கு வருகிற உங்களைப் பிடிக்கச் செய்த வலை இல்லை இது.

உலகத்தில் மீன்வளத்துக்குக் கேடு செய்யும் மானியம் வருடத்துக்கு ஏறத்தாழ 22 பில்லியன் டொலர் என்று கணக்கு. பெரும்பகுதி பெரிய நாடுகளின் பெரிய கப்பல்களுக்குப் போகிறது. 2001இல் தொடங்கிய பேச்சு 21 வருடம் இழுபட்டது. இவர் வந்துதான் முடிந்தது. 2025 செப்டம்பர் 15இல் அமுலுக்கு வந்தது.

இரண்டாவது கேள்விக்கு நேரான பதில்: உடனே நிறுத்தாது. ஒப்பந்தம் படகைத் தடுப்பதில்லை, படகுக்குக் கிடைக்கிற காசைத்தான் தடுக்கிறது. தன் கடலில் களவாக மீன்பிடித்த படகு எது என்று கரையோர நாடு முறைப்படி விசாரித்துத் தீர்மானித்தால், அந்தப் படகுக்கு மானியம் கொடுக்கும் நாடு அதை நிறுத்த வேண்டும். இது எங்களுக்குப் பிரயோசனமான விதி. ஆனால் ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்ட நாட்டைத்தான் கட்டுப்படுத்தும். அமுலுக்கு வந்த நாளில் இந்தியா அந்தப் பட்டியலில் இல்லை. அளவுக்கு மீறிய படகுகளைக் கட்டுவதற்கே மானியம் கூடாது என்ற அடுத்த பகுதி 2024இல் அபுதாபியில் முறிந்துபோனது. அதுதான் உங்களுக்கு உண்மையில் வேண்டிய பகுதி. எங்கள் நாட்டில் 2017இல் இழுவைமடியைச் சட்டத்தால் தடைசெய்தோம். உங்கள் சங்கக் கூட்டத்துக்கு அதிகாரிகள் வந்தால், ஜெனீவாவில் இதற்கு இலங்கை என்ன நிலைப்பாடு எடுக்கிறது என்று எழுத்தில் கேளுங்கள். கேட்கிற உரிமை உங்களுக்கு இருக்கிறது.

ஓய்வுபெற்ற அரச அலுவலர், உவர்மலை:
உலக வங்கிக்காரர்கள் என்றாலே மானியத்தை வெட்டு, விலையை ஏற்று என்பவர்கள்தானே. நீங்கள் அவரை ஒரேயடியாகப் புகழ்வது சரியா?

சரி, மறுபக்கத்தையும் சொல்கிறேன். 2011இல் அவர் இரண்டாம் முறை நிதி அமைச்சரானார். 2012 ஜனவரி முதலாம் திகதி நைஜீரிய அரசாங்கம் பெற்றோல் மானியத்தை ஒரே நாளில் எடுத்தது. லீற்றர் 65 நைராவாக (அந்நாட்டு நாணயம்) இருந்தது 140ஐத் தாண்டியது. நாடு முழுக்க வேலைநிறுத்தம், தெருவில் உயிரிழப்புகள். இரண்டு வாரத்தில் 97 நைராவுக்கு இறக்கினார்கள். அரசாங்கத்திடமிருந்து மலிவான பெற்றோலைத் தவிர வேறு எதையும் கண்டிராத சனத்திடம், மாற்றாக எதையும் கையில் கொடுக்காமல் அதைப் பறித்தது பிழை. அவரைப் பிடிக்கும் என்பதற்காக நான் அதை மறைக்கப் போவதில்லை.

ஆனால் அந்த மானியக் காசு எங்கே போனது என்று பிறகு பார்த்தபோது, இறக்குமதி செய்யாத எண்ணெய்க்கும் பில் போட்டுக் காசெடுத்த வியாபாரிகள் அகப்பட்டார்கள். அமைச்சர் அவர்களுக்குக் கொடுப்பனவை நிறுத்தினார். அந்த டிசம்பரில் அவருடைய தாயை, 80 வயது கடந்த பேராசிரியையை, வீட்டிலிருந்து கடத்திக்கொண்டு போனார்கள். கேட்டது என்ன தெரியுமா? மகள் தொலைக்காட்சியில் வந்து பதவி விலக வேண்டும். அவர் விலகவில்லை. ஐந்து நாளில் தாய் உயிரோடு திரும்பினார். தாயா பதவியா என்ற நிலையில் ஒரு மகள் அந்த ஐந்து இரவுகளை எப்படிக் கழித்திருப்பார் என்று யோசித்துப் பாருங்கள் ஐயா. எனக்கு அவர்மேல் இருக்கும் மதிப்பு பட்டங்களால் வந்ததில்லை.

தாய் ஒருவர், கிண்ணியா:
ரீச்சர், என் மகள் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு இருக்கிறாள். பொருளியல்தான் படிப்பேன் என்கிறாள். உறவினர் எல்லாரும் அதில் என்ன தொழில் இருக்கிறது என்கிறார்கள். நீங்கள் எழுதுகிற ஆட்களெல்லாம் ஹார்வர்ட். எங்கள் நாட்டிலிருந்து யாராவது அப்படிப் போயிருக்கிறார்களா?

போயிருக்கிறார், தங்கச்சி. ங்கோசிக்கு நெடுங்காலம் முன்பே. கலாநிதி காமனி கொரயா என்று ஒரு பொருளியலாளர். 1925இல் பிறந்தவர். கேம்பிரிட்ஜ், ஒக்ஸ்போர்ட் படிப்பு. எங்கள் மத்திய வங்கியிலும் திட்டமிடல் அமைச்சின் செயலாளராகவும் வேலை செய்தவர். 1974 முதல் 1984 வரை அங்டாட் எனப்படும் ஐக்கிய நாடுகள் வர்த்தக அபிவிருத்தி மாநாட்டின் செயலாளர் நாயகம். அதுவும் ஜெனீவாவில்தான். பெரிய இடத்துப் பிள்ளை, பிரதமர் சேர் ஜோன் கொத்தலாவலைக்குச் சகோதரியின் மகன். அதையும் சொல்லத்தான் வேண்டும், ஏழை வீட்டிலிருந்து போனார் என்று உங்கள் மகள் நினைக்கக்கூடாது.

ஆனால் அவர் அங்கே கொண்டுபோன கேள்வி எங்கள் தோட்டத் தொழிலாளியின் கேள்வி. நாங்கள் விற்கிற தேயிலைக்கும் இறப்பருக்கும் விலை ஏறி இறங்குகிறது, வாங்குகிற இயந்திரத்துக்கும் உரத்துக்கும் ஏறிக்கொண்டே போகிறது, இதற்கு என்ன வழி? 18 மூலப்பொருட்களைப் பட்டியலிட்டு, விலை விழும்போது வாங்கி வைத்து ஏறும்போது விற்க ஒரு பொது நிதியம் வேண்டும் என்று 1976இல் நைரோபியில் நாடுகளை உடன்பட வைத்தார். 1979இல் இறப்பருக்கு ஒரு ஒப்பந்தம் வந்தது. பொது நிதியத்துக்கு 1980இல் உடன்பாடு, அது அமுலுக்கு வந்தபோது 1989. அதற்குள் அவர் பதவியிலிருந்து போய்விட்டார், நிதியமும் அவர் நினைத்த அளவில் பாதிகூட இல்லை. அவருக்கும் உத்தரவு போடும் அதிகாரம் இருக்கவில்லை. இந்த நாட்டு உயர்தர வகுப்பில் அவருடைய பெயரைச் சொல்லாமல் வர்த்தக மாற்று விகிதத்தை (விற்கிற பொருளின் விலைக்கும் வாங்குகிற பொருளின் விலைக்கும் உள்ள விகிதம்) படிப்பிக்கிறார்கள் என்பது எனக்குத் தீராத மனவருத்தம்.

தொழில் விஷயம். ஜெனீவாவை இப்போது விடுங்கள். மத்திய வங்கி, வர்த்தகத் திணைக்களம், சுங்கம், திறைசேரி, கொழும்பிலுள்ள கொள்கை ஆய்வு நிறுவனம் எல்லாவற்றுக்கும் பொருளியல் படித்த ஆள் தேவை. ஜெனீவாவில் எங்களுக்காகப் பேசப் போகிறவர்கள் வர்த்தகத் திணைக்களத்தில் இருந்துதான் பெரும்பாலும் போகிறார்கள். சீனன்குடாவில் பிறீமா ஆலைக்குக் கோதுமை இறக்க வந்து நிற்கும் கப்பலை மகள் கட்டாயம் பார்த்திருப்பாள். அந்தக் கோதுமைக்கு யார் என்ன தீர்வை போட்டார்கள், அது பாணின் விலையில் எங்கே ஒட்டியிருக்கிறது என்று கேட்கப் பழகிய பிள்ளைக்குத் தொழில் இல்லாமல் போகாது.

பொருளியல் துறை பேராதனையிலும் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் உண்டு, வந்தாறுமூலையில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் உண்டு. எங்கே போனாலும் கணிதம், புள்ளிவிபரவியல் பாடங்களைத் தட்டிக்கழிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். எங்கள் பிள்ளைகள் பின்தங்குவது அங்கேதான். ஆங்கிலம் கட்டாயம், முடிந்தால் பிரெஞ்சும் தொடங்கட்டும். உலக வர்த்தக அமைப்பின் மூன்று அலுவல் மொழிகளில் அவை இரண்டு, மற்றது ஸ்பானிஷ். முதுமாணி முடித்த வளர்ந்துவரும் நாட்டுப் பிள்ளைகளை ஒரு வருடம் சம்பளத்தோடு எடுத்துப் பழக்கும் திட்டம் ஒன்றும் அங்கே இருக்கிறது.

பெறுபேறு வந்ததும், பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கிற இசட் புள்ளியை எனக்கு எழுதுங்கள். விண்ணப்பத்தில் எந்தப் பல்கலைக்கழகத்தை முதலில் போடுவது என்று இருந்து பார்ப்போம்.